பெல்ட் அறுந்த பஜெரோ: சாவியைத் திருப்பும் முன்

கேள்வி: என் அப்பா வைத்திருந்த 1996ஆம் ஆண்டு பஜெரோ, 2.5 டர்போ டீசல், மேனுவல் கியர். பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே சமைத்து விருந்துகளுக்கு அனுப்புகிறேன். வாரத்தில் மூன்று நாள் பாலம் கடந்து பினாங்குத் தீவுக்குப் போய் வருகிற வண்டி. போன வாரம் திரும்பி வரும்போது பாலத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த நொடியே இன்ஜின் நின்றுவிட்டது. நாலைந்து தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காலையில் முன்பக்கத்தில் ஊளையிடுவது போல ஒரு சத்தம் இருந்தது. ஒரு ஃபோர்மன், "டைமிங் பெல்ட் அறுந்திருக்கு, புது பெல்ட் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்கிறார். இன்னொருவர், "டீசல் இன்ஜின்ல பெல்ட் அறுந்தா கதை முடிஞ்சது, ஹாஃப்கட் இன்ஜின் மாத்திடுங்க" என்கிறார், அதாவது வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின். பெல்ட்டை மட்டும் நானே வாங்கி வைத்துவிட்டேன். யார் சொல்வதைக் கேட்பது? அப்பாவின் வண்டி, விற்க மனமில்லை.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

அன்புச் சகோதரி, இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலாமவர் பேச்சைக் கேட்டால், தப்பித்திருக்கும் இன்ஜினும் கெட்டுப்போகலாம். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால், பழுதுபார்க்கக்கூடிய இன்ஜினைத் தூக்கி எறிந்ததாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அரை நாள் வேலை ஒன்று இருக்கிறது: வால்வு மூடியைக் கழற்றிப் பார்ப்பது. அது முடிகிறவரை யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை இன்றே கழற்றிவிடச் சொல்லுங்கள். மேனுவல் கியர் என்பதால் "தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்று யாராவது கிளம்புவார்கள். அதற்கும் விடாதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றுவதைவிட அது மோசம்.

உங்கள் வண்டியில் இருப்பது 4டி56 என்ற 2,477 சிசி இன்ஜின். அறுந்தது டைமிங் பெல்ட்தான் என்பதை நீங்கள் எழுதிய இரண்டு அடையாளங்களே சொல்லிவிடுகின்றன. இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும் டீசல் பம்ப்பையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்த கணமே பம்ப் நின்று டீசல் வருவது நிற்கும், அதனால் இன்ஜின் விளக்கை அணைத்தாற்போல் நின்றது. கேம்ஷாஃப்ட் அசையாமல் நிற்பதால் சில சிலிண்டர்களில் காற்று போய்வரும் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே காற்று அழுந்த வழியில்லை, ஸ்டார்ட்டருக்குப் பளுவும் இல்லை. வேகமாகச் சுற்றியதற்குக் காரணம் இதுதான்.

டீசல் இன்ஜினில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. உங்கள் இன்ஜினின் அழுத்த விகிதம் 21:1. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 619 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சுகிற இடம் ஏறக்குறைய 31 சிசி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு. அதிலும் பெரும்பகுதி பக்கத்தில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் இருக்கும் சிறிய எரியறைக்குப் போய்விடும். பிஸ்டனின் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது கோடு போன்ற ஓர் இடைவெளிதான். பல மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கும் வால்வுக்கு அங்கே இடம் ஏது? பெல்ட் அறுந்த பிறகும் வண்டி ஓடிய வேகத்தில், பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் சில சுற்றுகள் சுற்றியிருக்கும். பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்த ஒவ்வொரு தடவையும் சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுகளில் பிஸ்டன் வால்வை இடித்திருக்கலாம்.

ஆனால் இந்த இன்ஜினுக்கென்று ஒரு நல்ல குணம் உண்டு. இரண்டாவது ஃபோர்மன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இதில் வால்வுகள் சாய்வாக இல்லாமல் நேர்குத்தாக நிற்கின்றன. பிஸ்டன் வந்து மோதும்போது வால்வு பக்கவாட்டில் வளையாமல் நேராக மேலே தள்ளப்படும். அந்த அடி அப்படியே வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்மில் இறங்கும், ராக்கர் ஆர்ம் உடையும். அது உடைந்ததும் வால்வு ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும். ஃபியூஸ் போய் வீட்டு வயரைக் காப்பாற்றுவது போல, ராக்கர் ஆர்ம் போய் வால்வையும் பிஸ்டனையும் காப்பாற்றுவது இந்த இன்ஜினில் அடிக்கடி நடப்பது. எப்போதும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் திறந்து பார்க்க வேண்டும்.

பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் பெல்ட்டின் மேல் மூடி. அதன் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது, எது எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் குத்தி வைப்பது நல்லது. அடுத்து வால்வு மூடி. இப்போது எட்டு ராக்கர் ஆர்ம்களும் கண்ணெதிரே இருக்கும். கிராங்க்கை இன்னும் தொடக் கூடாது. ராக்கர் ஆர்ம்களைத் தாங்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவுக்கு வருமாறு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் ஸ்பிரிங்கின் விசையில் ஷாஃப்ட் வளையும். ஷாஃப்ட் வெளியே வந்ததும் எட்டு வால்வுகளும் தாமாகவே மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி இன்ஜினைக் கையால் சுற்றுவது பாதுகாப்பு. பல பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாகிறது: பெல்ட் குறியைப் பொருத்துவதற்காக முதலில் கிராங்க்கைச் சுற்றுகிறார்கள், நீளமான கைப்பிடி போட்டு. பாலத்தில் தப்பிய வால்வு பட்டறையில் வளைவது அப்போதுதான்.

கழற்றிய ராக்கர் ஆர்ம்களை ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாகப் போனது யார் கண்ணுக்கும் தெரியும். முடி போன்ற வெடிப்பு எண்ணெய்க்கு அடியில் ஒளிந்திருக்கும். உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து முழு உருவம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உளுந்து அளவு சில்லு ஒன்று குறைந்தாலும் அது ஹெட்டுக்குள் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் இறங்கும் துளை வழியாக, அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குப் போயிருக்கலாம், கேம்ஷாஃப்ட்டின் அடியில் குந்தியிருக்கலாம். காந்தம் எல்லாத் துண்டையும் பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம். விளக்கும் நீள இடுக்கியும் வைத்துத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் சம்ப்பைக் கழற்றுவதுதான் நேர்மையான வழி. கேம்ஷாஃப்ட்டையும் அதன் மேல் இருக்கும் பிடிமூடிகளையும் அதே வெளிச்சத்தில் பாருங்கள், சில சமயம் அவற்றிலும் வெடிப்பு விழும். மூன்று ராக்கர் மட்டும் உடைந்திருந்தால் மூன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். என் கருத்தில் எட்டையும் மாற்றுங்கள். அதே அடியை வாங்கி உடையாமல் நின்ற ஆர்ம், ஆறு மாதம் கழித்து இதே பாலத்தில் உடையலாம்.

அடுத்தது வால்வு வளைந்திருக்கிறதா என்ற கேள்வி. ஹெட்டைக் கழற்றாமலே தெரிந்துகொள்ள இரண்டு சோதனைகள் உண்டு. வால்வுகளின் மேல்முனைகள் மீது நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தால், வளைந்த வால்வு முழுதாக மேலே வர முடியாமல் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். இது கண் அளவுச் சோதனைதான், முடிவு சொல்லப் போதாது. முடிவு சொல்வது காற்றுச் சோதனை. எரியறையைச் சூடாக்கும் நான்கு குளோ பிளக்கையும் கழற்றி, ஒன்றாம் எண் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கியரைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, குளோ பிளக் துளை வழியே 5 முதல் 7 பார் அழுத்தத்தில் காற்று விட வேண்டும். நாலாம் சிலிண்டருக்கும் அதே நிலையில் விடலாம். பிறகு கிராங்க்கை அரைச் சுற்றுச் சுற்றினால் இரண்டும் மூன்றும் உச்சிக்கு வரும். காற்று எங்கே கசிகிறது என்பதைக் காது சொல்லிவிடும். ஏர் ஃபில்டர் குழாயில் 'உஸ்' என்று கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் லேசாகக் கேட்பது பிஸ்டன் ரிங் வழியாக வருவது. முப்பது வருட இன்ஜினில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டோ கேஸ்கெட்டோ தனியாக ஒரு பிரச்சினை வைத்திருக்கிறது.

ஒரு வால்வில் கசிவு கேட்டதும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். பழைய டீசல் இன்ஜினில் கரித்துகள் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சிக்கியிருக்கலாம். பிஸ்டனை உச்சியிலிருந்து நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, வால்வின் முனையைப் பிளாஸ்டிக் சுத்தியலால் இரண்டு மூன்று தடவை லேசாகத் தட்டி, பிஸ்டனை மறுபடி மேலே கொண்டுவந்து சோதித்தால் பல நேரம் கசிவு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் ஹெட் கீழே இறங்கத்தான் வேண்டும்.

ஹெட் இறங்கினால் வேலை பெரிதாகும், ஆனாலும் இன்ஜின் மாற்றும் அளவுக்குப் போகாது. வளைந்த வால்வோடு, அது ஏறி இறங்கும் குழலான கைடையும் மாற்ற வேண்டும். ஹெட்டை மெஷின் கடைக்கு அனுப்பும்போது, இரண்டு வால்வு இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் குறுகிய இடத்தை அழுத்தச் சோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இன்ஜின் ஒருமுறை கொதித்திருந்தாலும் வெடிப்பு அங்கேதான் விழும். பிஸ்டனின் தலையில் பிறை வடிவத்தில் லேசான தழும்பு இருந்தால் கவலை இல்லை, ஓரத்தை மழுக்கிவிட்டு ஓட்டலாம். வெடிப்பு இருந்தால் ஓட்டக் கூடாது. நான்கு பிஸ்டனும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று அளந்து பார்ப்பதும் அவசியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. அந்த நிலை வந்தால் மட்டும் ஹாஃப்கட் பேச்சை எடுங்கள்.

இனி, நான் உங்களிடம் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. பெல்ட் தானாக அறுவது குறைவு, பெரும்பாலும் அதை ஏதோ ஒன்று அறுக்கிறது. அந்த ஏதோ ஒன்று உங்கள் இன்ஜினுக்குள் இப்போதும் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வாங்கி வைத்த புதுப் பெல்ட்டை அதன் மேலேயே மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ஆகவே அறுந்த பெல்ட்டைக் குப்பையில் போட விடாதீர்கள். அதை மேசை மேல் வைத்து, விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். முதுகுப்பக்கம் மடக்கும்போது பல்லின் அடியில் சிறுசிறு வெடிப்புகள் வாய் திறந்தால், ரப்பர் சூட்டிலும் வயதிலும் செத்திருக்கிறது. ஓரம் மட்டும் பஞ்சுபோல் பிய்ந்து நூல் தொங்கினால், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சாய்ந்து நின்று பெல்ட்டை ஓரமாகத் தள்ளியிருக்கிறது. தொட்டால் வழவழப்பாக, ஊறிய அப்பளம் போலத் தொளதொளவென்று இருந்தால் எண்ணெயோ டீசலோ கசிந்திருக்கிறது. கிராங்க்கின் முன் சீல், கேம்ஷாஃப்ட்டின் முன் சீல், பம்ப்பின் சீல் என்று மூன்று சந்தேக நபர்கள் (சீல் என்பது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). ஓரிடத்தில் ஏழெட்டுப் பல் மொத்தமாக மழித்ததுபோல் போயிருந்தால், பெல்ட் தொய்ந்திருக்கிறது, அல்லது சுற்ற வேண்டிய ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது. கத்தியால் வெட்டினது போல நேராக அறுந்திருந்தால், மாட்டும்போதே யாரோ பெல்ட்டை மடித்து உள்நூலை உடைத்திருக்கலாம், அல்லது ஏதாவது உள்ளே போய்ச் சிக்கியிருக்கலாம்.

அந்தக் கடைசிச் சந்தேகம் 4டி56 இன்ஜினில் மிகவும் பொருந்தும். பெரிய பெல்ட்டுக்குப் பின்னால், இன்ஜினின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றுவதற்கு இன்னொரு சின்னப் பெல்ட் இருக்கிறது. பெரியதை மாற்றும்போது சின்னதை "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. சின்னது அறுந்தால் இன்ஜின் நிற்காது, ஆனால் அதன் துண்டு பெரிய பெல்ட்டின் பல்லுக்குள் நுழைந்து அதை எகிறவைக்கும். மூடிக்குள் கறுப்பு நூலும் ரப்பர் பொடியும் இரண்டு விதமாகக் கிடந்தால் கதை இதுதான். இரண்டு வாரம் கேட்ட ஊளைச் சத்தத்தை நீங்கள் எழுதியிருப்பதால், என் முதல் சந்தேகம் டென்ஷனர் பேரிங்கின் மேல் போகிறது. அதைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் கிரீஸின் கனத்தோடு மெதுவாகச் சுற்றி நிற்கும். கெட்டது மணல் அரைப்பது போல் கரகரக்கும், அல்லது கிரீஸ் வறண்டு பம்பரம்போல் சத்தத்தோடு சுற்றும்.

எனவே வாங்க வேண்டியது பெல்ட் மட்டும் இல்லை. பெரிய பெல்ட், சின்னப் பெல்ட், இரண்டுக்கும் உரிய டென்ஷனர்கள், டென்ஷனர் ஸ்பிரிங், கிராங்க் முன் சீல், கேம்ஷாஃப்ட் சீல், பேலன்ஸ் ஷாஃப்ட் சீல், வால்வு மூடி கேஸ்கெட், அதன் பின்பக்கத்தில் அரைவட்டமாக இருக்கும் ரப்பர். உங்கள் இன்ஜினில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடவில்லை, வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட்டில்தான் ஓடுகிறது. இருந்தாலும் இவ்வளவு கழற்றிய பிறகு அதைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள். இதே வேலைக்கு இன்னொரு கூலி கொடுக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் எழுதி எடுத்துப் போக வேண்டும். ஒரே இன்ஜின் பெயருக்குப் பல் வடிவம் வேறான பெல்ட்டுகள் விற்பனையில் உண்டு. நீங்கள் வாங்கி வைத்ததைப் பழைய பெல்ட்டின் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணி, பல்லின் வடிவத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சதுரப் பல் பல்சக்கரத்தில் வட்டப் பல் பெல்ட் மாட்டிக்கொள்ளும், ஓடவும் செய்யும், வெகு நாள் ஓடாது. பேரிங்கிலும் பெல்ட்டிலும் ஜப்பான் தயாரிப்பை வாங்குங்கள். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் மிச்சமாகாது.

மாட்டும்போது தவறுகிற இடங்கள் நான்கைந்துதான். கிராங்க்கின் முன்முனையில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சாவித் துண்டையும் அதன் பள்ளத்தையும் முதலில் பார்க்க வேண்டும். முன்பு யாராவது போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால் பள்ளம் அகன்று சக்கரம் ஆடும். ஆடுகிற சக்கரத்தில் எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் டைமிங் நிற்காது. பிறகு கேம்ஷாஃப்ட், பம்ப், கிராங்க் மூன்றின் குறிகளும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்ட்டின் குறியும் தனியாகப் பொருந்த வேண்டும். பம்ப் சக்கரம் குறிக்கு நேராகத் தானாக நிற்காது, உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை ஒரு பக்கம் தள்ளிவிடும். ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பெல்ட் மாட்டுவதுதான் வழி. ஒருவரே செய்யும்போது ஒரு பல் நழுவுவது இங்கேதான்.

டென்ஷனரைக் கையால் நெம்பி இறுக்கவே கூடாது. இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, ஸ்பிரிங் தானாக இழுக்க விட்டு, கிராங்க்கைக் கடிகார முள் திசையில் கேம் சக்கரத்தின் இரண்டு பல் நகரும் அளவு சுற்றி, அதன்பிறகு இறுக்க வேண்டும். நீள்துளைப் பக்கத்து போல்ட் முதலில், சுழலும் பக்கத்து போல்ட் பிறகு. வரிசையை மாற்றினால் போல்ட்டோடு சேர்ந்து டென்ஷனரும் திரும்பி, பெல்ட் அளவுக்கு மீறி இறுகிவிடும். இறுகிய பெல்ட் முதல் நாளிலிருந்தே ஊளையிடும், பேரிங்கைத் தின்றுவிடும். "டைட்டா இருந்தா நல்லது" என்று சொல்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். எந்தக் கட்டத்திலும் கிராங்க்கைப் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. கிராங்க் போல்ட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும், காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்துவிடக் கூடாது.

எல்லாம் மாட்டியதும், குளோ பிளக் கழற்றிய நிலையிலேயே, கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். இன்ஜினின் ஒரு முழு வேலைச் சுழற்சி அதில் முடிந்துவிடும். எங்காவது 'டிக்' என்று முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுக்க வேண்டாம். முட்டாமல் வந்தால் குறிகளை மறுபடி பாருங்கள். இந்த இரண்டு சுற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். வால்வு இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ. வைத்து, ஓடிச் சூடான பிறகு 0.25 மி.மீ. இருக்கிறதா என்று திரும்பச் சரிபார்க்க வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் அதே அளவு. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப்பில் இருக்கும் டீசல் நிறுத்தும் சொலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றினால், காய்ந்து கிடந்த கேம்ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் போய்ச் சேரும். பிறகு வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதாலேயே வேலை சரி என்று பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பம்ப் ஒரு பல் தவறியிருந்தாலும் வண்டி ஓடும். ஆனால் காலையில் வெள்ளைப் புகை, மந்தமான இழுப்பு, அல்லது கல்லால் தட்டுவது போன்ற சத்தம் இருக்கும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதிலிருந்து, இந்த ஒரு பல் மாதா மாதம் உங்கள் பையைத் தொடுகிற விஷயம். ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் (காற்று அழுந்தும் அளவு) மற்றவற்றைவிட 3 பாருக்கு மேல் குறைந்திருந்தால் அதையும் அன்றே கேளுங்கள்.

ஹாஃப்கட் பற்றி ஒரு வார்த்தை. அப்படி வரும் இன்ஜினின் பெல்ட்டுக்கு எத்தனை வயது என்று விற்பவருக்கும் தெரியாது. ஆகவே வாங்கினாலும், வண்டியில் இறக்கும் முன்பே மேலே சொன்ன பெல்ட், டென்ஷனர், சீல் அனைத்தையும் மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் எண் மாறுவதால் புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவுத் திருத்தமும் தேவைப்படும். அதைச் செய்யாமல் ஓட்டினால் நாளைக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஃபோர்மன் இல்லை. உங்கள் வண்டிக்கு இந்த வழி கடைசியாக இருக்கட்டும்.

பாலத்தில் நடந்ததை இன்னொரு விதமாகவும் யோசியுங்கள். அறுந்தது வெளிப்பக்கத்து ஃபேன் பெல்ட்டாக இருந்திருந்தால் இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அது இன்னும் ஆபத்து. பழைய டீசலுக்கு ஓடுவதற்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை, அதனால் பேட்டரி விளக்கு எரிந்தாலும் "டோல் வரைக்கும் போயிடலாம்" என்று தோன்றும். ஆனால் உங்கள் வண்டியில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் போனால் ஆல்டர்னேட்டரோடு அதுவும் நிற்கும். இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். வாட்டர் பம்ப்பும் நின்றிருப்பதால் சில நிமிடத்தில் வெப்பம் ஏறி, முன்னே சொன்ன ஹெட் வெடிப்புக்கு அடிபோடும். எனவே பேட்டரி விளக்கு எரிந்தால் பிரேக்கை வீணாக மிதிக்காமல் மெதுவாக ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, பிளஸ் நெடுஞ்சாலை ரோந்துக் குழுவை 1800-88-0000 எண்ணில் கூப்பிடுங்கள். ஃபேன் பெல்ட் இரட்டையாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் சேர்ந்தால் பளு முழுவதும் புதியதன் மேல் விழும்.

அடுத்த மாற்றம் எப்போது? இந்த இன்ஜினுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 90,000 முதல் 1,00,000 கிலோமீட்டர். உங்கள் ஓட்டத்துக்கு நான் சொல்வது 80,000 கிலோமீட்டர் அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. காரணம் இருக்கிறது. பாலத்து நெரிசலில் வண்டி நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால், நிமிடத்துக்கு 750 சுற்று என்ற கணக்கில் கிராங்க் 45,000 தடவை சுற்றியிருக்கும். மீட்டரில் கூடியிருப்பது ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். மீட்டரை மட்டும் நம்பும் பெல்ட் கணக்கு இந்த ஊரில் குறைத்தே காட்டும்.

நாளைக்குப் பட்டறைக்குப் போகும்போது ஃபோர்மனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "அண்ணே, ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றாம கிராங்க்கைச் சுத்துவீங்களா? சின்னப் பெல்ட்டையும் மாத்துவீங்களா? பழைய பெல்ட்டும் பேரிங்கும் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?" முதல் கேள்விக்கு "மாட்டேன்" என்றும் மற்ற இரண்டுக்கும் "ஆமா" என்றும் தயங்காமல் சொல்கிறவரிடம் வண்டியை விடலாம். வேலை முடிந்ததும் தேதியையும் மீட்டர் எண்ணையும் பெல்ட் மூடியின் மேல் அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கொண்டுபோய், வால்வு இடைவெளியையும் பெல்ட் மூடியின் அடிப்பக்கத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் இருந்தால் ஏதோ ஒரு சீல் சரியாக உட்காரவில்லை, புதுப் பெல்ட்டில் எண்ணெய் ஊறுவதற்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.